கும்புக்யாய சந்தியில் நிற்கும் எங்கள் ஜோடி சைக்கிள்

அனுப்புபவர்:
திருமதி கிருஷ்ணராஜ் விஜயலெட்சுமி,
மேற்பிரிவு, ஹெதர்லி தோட்டம்,
ஹாலிஎல.

பெறுநர்:
சிரேஷ்ட பிரதிப் பொலிஸ்மா அதிபர் அவர்கள்,
ஊவா மாகாணம்,
பதுளை.

விடயம்: கும்புக்யாய சந்திக் காவலரணில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ள, இருவர் மிதிக்கும் சைக்கிளை விடுவித்தலும், எஞ்சிய மலைப்பாதையை அதிலேயே முடிக்க அனுமதி கோரலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்குறிப்பிட்ட முகவரியில் வசிப்பவள். ஹாலிஎல நகரில் ஒரு தையல் நிலையத்தில் வேலை செய்கிறேன். என் கணவரின் தங்கை செல்வி வீரய்யா விதுஷா எங்களுடன் ஒரே வீட்டில் இருக்கிறார். சிறு வயதில் வந்த நோயொன்றில் இரு கண்களின் பார்வையையும் இழந்தவர். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துப் பட்டம் பெற்று, கடந்த ஆண்டு முதல் எமது கல்வி வலயத்துத் தமிழ் வித்தியாலயம் ஒன்றில் வரலாறு கற்பிக்கிறார். இம்மனு எங்கள் இருவருக்கும் சொந்தமான ஒரு சைக்கிளைப் பற்றியது. எழுதியது நான், வாசித்துக் காட்டும்போது திருத்தம் சொன்னவர் அவர்.

2. கடந்த தை மாதத்தில் ஒரு மாலை, மறுநாள் பாடத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த விதுஷா இடையில் நிறுத்திவிட்டார். பாடம், விகாரையொன்றை ஒட்டியிருக்கும் பழைமையான போகொட மரப்பாலம். எங்கள் தோட்டத்திலிருந்து பஸ் ஏறினால் போட்ட வெற்றிலை வாயில் சிவப்பதற்குள் அந்தப் பக்கம் இறங்கிவிடலாம். “அண்ணி, பிள்ளைகளுக்கு அந்தப் பாலத்தைப் பத்தி இவ்வளவு பேசுறேன். நான் அதைத் தொட்டதே இல்ல. மகியங்கனை, புதுருவகல, ஊவாவுல இருக்க எல்லாத்தையும் புத்தகத்துலதான் தொட்டிருக்கேன்” என்றார். வேன் பிடித்துப் போய் வரலாம் என்று என் கணவர் சொன்னார். “வேன்ல கண்ணாடியை ஏத்திட்டுப் பாட்டைப் போட்ருவாங்கண்ணே. இடம் எப்ப மாறுதுன்னே எனக்குத் தெரியாது” என்று மறுத்துவிட்டார்.

3. நான் மொனராகலைப் பக்கம் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே பிறந்தவள். அங்கே பெண்பிள்ளைகள் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போவோம். திருமணமாகி மலைக்கு வரும்போது என்னுடைய சைக்கிளும் லொறியில் வந்தது. வந்த சில நாளிலேயே பரணில் ஏறிவிட்டது. மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவளைப் பார்த்து, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்து ஆட்கள் சிரித்ததே காரணம். அன்று மாலை நான் விளையாட்டாகத்தான், “விது, நான் முன்னுக்கு ஓட்டுறேன், நீ பின்னுக்கு இருந்து மிதிக்கிறியா?” என்று கேட்டேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு வீட்டில் வேறு பேச்சில்லை.

4. பதுளையில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கும் ஜனாப் ஷப்ராஸ் அவர்களிடம் போனோம். என் பழைய சைக்கிளையும் அவரிடம் கிடந்த இன்னொன்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “தங்கச்சி, ரெண்டு சைக்கிளை வெட்டி ஒண்ணா ஒட்டுறது லேசு. ரெண்டு பொம்பளையை ஒரே நேரத்துல மிதிக்க வைக்கிறதுதான் கஷ்டம்” என்றார். கடைக்குள்ளிருந்து அவருடைய மனைவி ஸிஹாமா, “ரெண்டு ஆம்பளையை மிதிக்க வைக்கிறதை விட லேசுதான்” என்று குரல் கொடுத்தார். சைக்கிள் செய்யப்பட்டது. முன்னால் இருப்பவருக்குத் திருப்பும் ஹேண்டில். பின்னால் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு ஹேண்டில். இருவருக்கும் பெடல், ஒன்றோடொன்று செயினால் இணைக்கப்பட்டவை. மேடு ஏறுவதற்கு கியர். இறக்கத்துக்கென்று விதுஷாவின் கையில் தனியாக ஒரு பிரேக். இவற்றை விவரமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. அது கீழே விளங்கும்.

5. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்து அனுப்பும் பெரட்டுக்களத்தில், மாலை வேளைகளில் ஓட்டிப் பழகினோம். முதல் நாள் தேயிலைக்குள் விழுந்தோம். இரண்டாம் நாள் அதே தேயிலைக்குள் விழுந்தோம். பிறகு விதுஷா, “அண்ணி, திரும்பப் போறீங்கன்னா முதல்லயே சொல்லுங்க, நானும் சாஞ்சுக்குவேன்” என்றார். அன்றிலிருந்து விழவில்லை. பின்னால் வரும் வாகனத்தை எனக்கு முன்பே அவர் காதால் அறிந்து “பஸ்ஸு”, “லொறி”, “ஆட்டோ, அவசரத்துல வாறான்” என்று சொல்லிவிடுவார். முன்பாதி ரோட்டை நானும் பின்பாதியை அவரும் பார்த்துக்கொண்டோம்.

6. முதல் பயணமாகப் போகொட பாலத்துக்குப் போனோம். விகாரையில் அனுமதி கேட்டுக்கொண்டு, விதுஷா ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கைப்பிடி மரங்களைத் தடவியபடி நடந்தார். தூண்களைக் கட்டிப்பிடித்தார். பிறகு பலகையில் உட்கார்ந்து நெடுநேரம் விரலால் எதையோ தேடினார். என்ன என்று கேட்டேன். “இரும்பு ஆணி ஒண்ணும் இல்லாம கட்டினதுன்னு பாடத்துல இருக்கு. தேடிப் பாக்குறேன் அண்ணி, இதுவரைக்கும் ஒண்ணும் அகப்படல!” என்று சொல்லிச் சிரித்தார். கீழே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான், இந்த மாகாணத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவது என்று நானும் மனதுக்குள் முடிவெடுத்தேன்.

7. எங்கள் பாதை இது: ஹாலிஎலவிலிருந்து பதுளை, அங்கிருந்து மகியங்கனைக்கு இறக்கம், மகாவலிச் சமவெளி, பிபிலை வழியாக மொனராகலை, புத்தல, வெல்லவாய, புதுருவகல, பிறகு கொஸ்லந்தை வழியாக மலையேறி, ஹப்புத்தளை, பண்டாரவளை, மீண்டும் ஹாலிஎல. சித்திரைப் புத்தாண்டு முடிந்த மறுநாள் காலையில் புறப்பட்டோம். ஒரு காலத்தில் என்னைப் பார்த்துச் சிரித்த லயத்து ஆட்களே வாசலில் நின்று தேங்காய் உடைத்தார்கள். என் கணவர் பிஸ்கட்டும் தேநீர்ப் போத்தலும் கட்டிக்கொடுத்துவிட்டு, தோட்டத்து வளைவு வரை பின்னாலேயே ஓடி வந்தார்.

8. முதியங்கனை விகாரையில் பூ வைத்துவிட்டுப் பதுளையை விட்டு இறங்கினோம். நான் “இடது வளைவு”, “வலது வளைவு” என்று சொல்லச் சொல்ல, விதுஷா சாய்ந்து கொடுத்தும் பிரேக்கைப் பிடித்தும் வந்தார். ஓரிடத்தில், மதகொன்றைத் தாண்டியதும், “அண்ணி, குளிர் முடிஞ்சிருச்சு” என்றார். எனக்கு அப்போது ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டு வளைவு கழித்துத்தான் முதல் தென்னை மரங்கள் தெரிந்தன.

9. மகியங்கனைக்கு அப்பால் தட்டையான ரோடு. ஐயா, மலையில் பல வருடம் வாழ்ந்துவிட்ட ஒருத்திக்கு அது என்ன என்பதை அரசாங்கக் கடிதத்தில் எழுதும் விதம் எனக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் வயல், ஒரு பக்கம் வாய்க்காலில் தண்ணீர், எதிர்க்காற்று இல்லை. நாங்கள் மிதித்த மிதியில் சைக்கிள் பறந்தது. நான் பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கூவினேன். விதுஷா இரண்டு கைகளையும் விட்டு விரித்துக்கொண்டு, “ரோடு நேரா போகுதுல்ல அண்ணி? எனக்கே தெரியுது!” என்று கத்தினார். அங்கே வயலில் நின்றவர்கள் கையசைத்தார்கள். நான் சொன்னதும் விதுஷாவும் அசைத்தார். ஓடும் சைக்கிளில் கைவிட்டது தவறுதான். அந்த ஒரு தவறை இங்கே ஒப்புக்கொள்கிறேன். சொரபொர வாவியில் பாறையைக் குடைந்து தண்ணீருக்கு வழிவிட்ட இடத்தில் அவர் உளித்தடம் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார். அதைச் செதுக்கியவர்களுக்குக் கை எவ்வளவு வலித்திருக்கும் என்று கேட்டார்.

10. மொனராகலையில் என் தாயார் கருப்பம்மா வீட்டில் தங்கினோம். கண் தெரியாத பிள்ளையை இவ்வளவு தூரம் சைக்கிளில் கூட்டிவந்தேன் என்று முதலில் என்னைத் திட்டித் தீர்த்தார். சோறு போட்டுக்கொண்டே திட்டினார். காலையில், அது எப்படித்தான் ஓடுகிறது என்று பார்க்கப் பின்சீட்டில் ஏறியவர், தெருவை மூன்று சுற்றுச் சுற்றிய பிறகும் இறங்க மறுத்தார். “இன்னும் ஒரு சுத்துடி, அந்தக் கடைக்காரி பாக்கல” என்றார். கடைக்காரி வெளியே வந்து பார்க்கும் வரை சுற்றினோம்.

11. புத்தலவுக்கு அருகில் யுதகனாவ என்னும் பழைய பௌத்தத் தூபியான தாதுகோபத்தில் விதுஷா செங்கல்லில் ஒரு கையை வைத்தபடி அடிவட்டத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். நான் நிழலில் இருந்தேன். அவர் மறுபக்கம் மறைந்து, நான் பயந்து எழும் நேரத்தில், சிவந்த உள்ளங்கையுடன் திரும்பி வந்தார். “பரீட்சையில இதோட சுற்றளவை எழுதி மார்க் வாங்கினேன் அண்ணி. இது இவ்வளவு பெருசுன்னு இன்னைக்குத்தான் தெரியுது” என்றார். முகம் முழுக்கச் சந்தோசம். அங்கே விளக்கேற்றிக்கொண்டிருந்த பிக்கு ஒருவர், மொழி விளங்காவிட்டாலும் விசயம் விளங்கி, எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

12. அன்று பிற்பகல் கும்புக்யாய சந்தியில் பொலிஸ் காவலரணைக் கடந்தபோது நிறுத்தப்பட்டோம். பொறுப்பிலிருந்த சார்ஜன்ட் அவர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார் என்பதை முதலில் பதிவு செய்கிறேன். சைக்கிளைக் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்துவிட்டு, தமக்குத் தெரிந்த தமிழில், தங்கச்சி என்பதற்கு மட்டும் சிங்களச் சொல்லை வைத்து, “நங்கி, இது ரெண்டு பைசிக்கலா, ஒரு பைசிக்கலா?” என்று கேட்டார். ஒன்று என்றேன். அப்படியானால் ஒரு சைக்கிளில் இருவர் செல்வது குற்றம் என்றார். பின்னால் இருப்பவர் சும்மா உட்கார்ந்து வரவில்லை, அவரும் மிதிக்கிறார் என்று பெடலைக் காட்டினேன். அவர் யோசித்து, சட்டப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து விதுஷாவிடம் நீட்டினார். விதுஷா அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, “ஐயா, இதுல எழுத்தெல்லாம் தட்டையா இருக்கே” என்றார். அப்போதுதான் அவருக்குப் பார்வை இல்லை என்பது சார்ஜன்ட் அவர்களுக்குத் தெரிந்தது. அப்படியானால் பார்வையற்றவர் பெருந்தெருவில் வாகனம் செலுத்தியது இன்னொரு குற்றம் என்றார்.

13. ஐயா, எங்கள் மனத்தாங்கல் இந்த இடத்தில்தான். விதுஷா மிதிக்காவிட்டால் அவர் சுமை, அது குற்றம். மிதித்தால் அவர் ஓட்டுநர், அதுவும் குற்றம். அவர் என்னதான் செய்ய வேண்டும்? இருவரும் நடந்து வந்திருக்கலாம் என்று ஓர் உத்தியோகத்தர் சொன்னார். அது நியாயமான பதில் என்று எனக்குத் தோன்றவில்லை.

14. இது ஒரே வண்டிதானா, ஓடக்கூடியதா என்பதைப் பரிசோதிப்பதற்காக, சார்ஜன்ட் அவர்கள் முன்னாலும் கான்ஸ்டபிள் ஒருவர் பின்னாலும் ஏறிக் காவலரண் முற்றத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு சுற்று நன்றாகவே போனது. இரண்டாவது சுற்றில் செவ்வரத்தம் வேலிக்குள் போய்விட்டார்கள். இதை நான் முறைப்பாடாக எழுதவில்லை; இந்தச் சைக்கிளை ஓட்ட இருவரும் ஒருமனப்பட வேண்டும் என்பதற்குச் சான்றாகவே எழுதுகிறேன். அந்த நேரம் முழுவதும் விதுஷா வாய் திறக்காமல் தலை குனிந்தே இருந்தார், அவமானத்தால் மனமுடைந்துவிட்டார் என்று முதலில் எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியபோது அவர் தடுத்தார். “மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு அண்ணி. ஆனா தலையைக் குனிஞ்சது அதுக்கில்ல. அவங்க விழுந்த சத்தம் கேட்டுச்சு, சிரிப்பு வந்துருச்சு. பொலிஸ்ல நின்னுக்கிட்டு எப்படிச் சிரிக்கிறது?” என்றார். அவருடைய சொல்லையே இங்கே பதிவு செய்கிறேன்.

15. இப்படியொரு வண்டியைத் தாம் முன்பு கண்டதில்லை என்றும், மேலிடத்து உத்தரவில்லாமல் விடவும் முடியாது, வழக்குப் போடவும் மனமில்லை என்றும் கூறி, சார்ஜன்ட் அவர்கள் சைக்கிளைத் தடுத்து வைத்து எங்களைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். எங்கள் பைகளைத் தாமே தூக்கிக் கொடுத்தார். இப்படியொரு மனுவைத் தங்களுக்கு எழுதும்படி சொன்னவரும் அவரே. அதன் பிறகு இரண்டு தடவை தொலைபேசியில் அழைத்து, “நங்கி, பைசிக்கல் நனையல. படங்கு போட்டு வச்சிருக்கேன்” என்று அறிவித்தார். பெரியவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தால் போதும், தாமே டயருக்குக் காற்றடித்து வைப்பதாகவும் சொன்னார். ஆகவே அவர்மீது எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம் என்று மிகவும் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

16. அந்தப் பஸ் வெல்லவாயவைத் தாண்டி, நாங்கள் சைக்கிளில் ஏறியிருக்க வேண்டிய மலைப்பாதையில் ஏறியது. வழக்கம்போல நான் வெளியே தெரிவதைச் சொல்லத் தொடங்கினேன். தூரத்தில் நீர்வீழ்ச்சி, பள்ளத்தில் காடு. விதுஷா என் வாயைக் கையால் பொத்தினார். “சொல்லாதீங்க அண்ணி. பஸ்ஸுல வச்சுச் சொல்லிட்டா செலவாயிரும். சைக்கிள்ல வரும்போது சொல்லுங்க” என்றார். அதன் பிறகு நான் ஜன்னல் பக்கமே பார்க்கவில்லை.

17. கொஸ்லந்தையில் எங்களுக்காக ஒருவர் காத்திருந்தார். விதுஷாவின் பல்கலைக்கழகத் தோழி கலாராணி. விடுதியில் வரலாற்றுப் புத்தகங்களை இவருக்கு உரக்க வாசித்துக் காட்டியவர். பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தபோது அவருடைய லயமும் உறவினர் பலரும் அதற்குள் போய்விட்டார்கள்; இப்போது, பின்னர் அரசாங்கம் கொடுத்த வீட்டில் குடியிருக்கிறார். அன்று இரவு அவர் வீட்டில் தங்கி, மறுநாள் சைக்கிளில் அந்தப் பக்கம் போய், பழைய லயம் இருந்த இடத்தில் மூவரும் சிறிது நேரம் நிற்பதாக ஏற்பாடு. கலாராணி சொல்லக் கேட்ட அந்த இடத்தில் தன் காலால் நிற்க வேண்டும் என்பது விதுஷாவின் நெடுநாள் விருப்பம். சைக்கிள் பொலிஸில் தங்கிவிட்டதைத் தொலைபேசியில் சொன்னதும் கலாராணி ரோட்டுக்கு ஓடி வந்து, சமைத்ததையெல்லாம் பார்சலாகக் கட்டி, நின்ற பஸ்ஸின் ஜன்னல் வழியாகத் தந்தார். “ரெண்டு பேரும் சைக்கிளோட வந்தாத்தான் வீட்டுக்குள்ள விடுவேன், இப்பவே சொல்லிட்டேன்!” என்று சிரித்துக்கொண்டே சொன்னார், கண் கலங்கியிருந்தது. பஸ் புறப்பட்டுவிட்டது. சோறு இன்னும் சூடாக இருந்தது. கோழிக்கறியை இருவரும் ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டுக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம்.

18. நான் சட்டம் படித்தவள் அல்ல. ஆனால் சைக்கிளை வெட்டி ஒட்டிய ஷப்ராஸ் அவர்களிடம், பதுளையைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் ஒருவரும், பண்டாரவளையில் பார்வை குறைந்த தம் மனைவிக்காக ஒருவரும் இதேபோன்று செய்து தரும்படி கேட்டிருக்கிறார்கள். தங்கள் பதிலைத் தெரிந்துகொண்டே இரும்பை வெட்டுவதாக அவர் சொல்லி வைத்திருக்கிறார். எனவே இது எங்கள் இருவரின் காரியம் மட்டும் அல்ல.

19. ஆதலால் தங்களிடம் பணிவுடன் வேண்டுவது: இந்தச் சைக்கிளைப் பார்வையிட ஓர் உத்தியோகத்தரை நியமித்து, இருவர் மிதிப்பதற்கென்றே அமைந்த வண்டியில் இருவர் செல்வது குற்றமாகாது என்றும், திருப்பும் ஹேண்டில் முன்னால் இருப்பவரிடம் இருப்பதால் பின்னால் இருப்பவருக்குப் பார்வை இல்லாதது தடையாகாது என்றும் எழுத்தில் ஒரு கடிதம் தந்துதவ வேண்டும். விளக்கு, மணி, பின்னால் ஒளிரும் பட்டி என்று தாங்கள் விதிக்கும் நிபந்தனை எதுவானாலும் நிறைவேற்றுவோம். விதுஷாவின் பாடசாலைக்கு அடுத்த விடுமுறை ஆகஸ்ட் மாதத்தில் வருகிறது. அதற்கு முன் தங்கள் கடிதம் கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.

20. இன்னுமொன்று. அனுமதி கிடைத்தால் சைக்கிளை லொறியில் ஏற்றிப் பதுளைக்கு அனுப்பலாம் என்று சார்ஜன்ட் அவர்கள் அன்பாகச் சொன்னார். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். கடிதம் வந்ததும் நாங்கள் இருவரும் பஸ்ஸில் கும்புக்யாய சந்திக்கே வந்து பொறுப்பேற்றுக்கொள்கிறோம். புதுருவகல பாறைச் சிற்பங்களுக்கு முன்னால் நின்றுவிட்டு, அந்த மலை முழுவதையும் மிதித்தே ஏறி வருவோம்.

தங்களின் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கும்,

கி. விஜயலெட்சுமி (முன்சீட்)

வாசிக்கக் கேட்டுச் சம்மதித்து ஒப்பமிடும்,

வீ. விதுஷா (பின்சீட்)

இடம்: ஹாலிஎல
திகதி: 2024.05.02